மலையையும் கோபுரத்தையும் வீட்டுக்குள் கொண்டுவந்த இரட்டைப் படக் கண்ணாடி

திருமலையில் சாமி கும்பிட்டுவிட்டு ஊர் திரும்பும் குடும்பங்களின் பையில் என்னென்ன இருக்கும்? முதலில் லட்டு. அடுத்து கயிறு, குங்குமம், பெருமாள் படம், பெண்களுக்கு வளையல். குழந்தைகளுக்கு?

ஒரு காலத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு சின்ன பிளாஸ்டிக் கேமரா அந்தப் பையில் கட்டாயம் இருக்கும். அது படம் எடுக்கிற கேமரா அல்ல, படம் பார்க்கிற கேமரா. கண்ணருகே வைத்து, வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு பொத்தானை அமுக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம். உள்ளே கோபுரம் வரும். மறுபடி அமுக்கினால் பெருமாள், பிறகு தாயார் என்று ஒவ்வொன்றாகப் படம் மாறும். மலை ஏற முடியாமல் வீட்டோடு இருந்துவிட்ட பாட்டியும் பேரன் கையிலிருந்து அதை வாங்கி ஒரு தடவை பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

சில ரூபாய்க்கு விற்ற இந்தப் பொம்மைக்கு ஒரு பெரிய பரம்பரை உண்டு. அதன் மூதாதை இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணி காலத்தில் பிறந்தது. பணக்காரர் வீட்டுக் கூடத்தில் வெல்வெட் துணி மேல் வீற்றிருந்தது. மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் வந்து நம் கோயில்களைப் படம் பிடித்தது. 'இது வீண் ஆடம்பரம்' என்று சென்னை சர்க்காரால் ஒதுக்கித் தள்ளவும்பட்டது. அதன் பெயர் ஸ்டீரியாஸ்கோப். தமிழில் இரட்டைப் படக் கண்ணாடி என்று சொல்லலாம்.

ஆடம்பரம் என்று தள்ளப்பட்ட அந்தப் பொருள் பின்னாளில் எத்தனை வேலைக்குப் பயன்பட்டது என்பதுதான் இதில் விசேஷம்.

இரண்டு கண் எதற்கு?

ஒரு விரலை முகத்துக்கு முன்னால் நிமிர்த்திப் பிடியுங்கள். வலது கண்ணை மூடி இடது கண்ணால் பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். விரல் அசையவில்லை. ஆனால் பின்னால் இருக்கும் சுவரின் மேல் அது இடம் மாறி இடம் மாறித் தெரியும்.

நம் இரண்டு கண்களுக்கும் நடுவே சுமார் இரண்டரை அங்குல தூரம் இருக்கிறது. அதனால் இரண்டு கண்ணும் ஒரே காட்சியைப் பார்ப்பதில்லை. இடது கண் ஒரு காட்சியையும், வலது கண் சற்றே மாறிய இன்னொரு காட்சியையும் பார்க்கின்றன. கிட்டே இருக்கும் பொருள் அதிகமாக இடம் மாறும். எட்ட இருக்கும் பொருள் கொஞ்சமாகத்தான் மாறும். மூளை இந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு, எது அருகில், எது தூரத்தில் என்று சொல்லிவிடுகிறது.

காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்கு ரயிலில் வருகிறவர்கள் இதே கணக்கை வேறு விதமாகப் பார்த்திருப்பார்கள். தண்டவாளத்தை ஒட்டிய கம்பங்கள் பறந்து பின்னால் போகும். வயல் மெதுவாக நகரும். தொலைவில் சேஷாசல மலையோ வண்டியுடனே கூட வருவதுபோல் இருக்கும். ஓடும் வண்டி செய்கிற வேலையை, உட்கார்ந்த இடத்திலேயே நம் இரண்டு கண்கள் செய்கின்றன.

சாதாரணப் புகைப்படத்தில் இந்த வித்தியாசம் இல்லை. அதை எடுத்த கேமராவுக்கு ஒரே கண்தான். அதனால் படம் தட்டையாக இருக்கிறது. இரண்டரை அங்குலம் தள்ளித் தள்ளி இரண்டு படம் எடுத்து, இடது படத்தை இடது கண்ணுக்கு மட்டும், வலது படத்தை வலது கண்ணுக்கு மட்டும் காட்டினால் என்ன ஆகும்? மூளை ஏமாந்துபோகும். தூண்களுக்கு நடுவே கை விட்டுத் தொடலாம் போலக் காட்சி விரியும். ஸ்டீரியாஸ்கோப்பின் சூட்சுமம் முழுவதும் இவ்வளவுதான்.

தந்தி கண்டவரே இதையும் கண்டார்

இதைக் கண்டுபிடித்தவர் ரயில்வேக்காரர்களுக்கு அந்நியர் அல்ல. அவர் பெயர் சார்லஸ் வீட்ஸ்டன். குக் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து மின்சாரத் தந்தியை உருவாக்கியவர் இவரே. 1839-ல் இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில் பாதையில் அந்தத் தந்தி ஓடியது.

அதற்கு முந்தின வருடம், 1838-ல், இரண்டு கண்ணாடிகளை மூக்குக்கு நேரே கோணமாக நிறுத்தி, இரு பக்கமும் இரண்டு படங்களை வைத்து, ஆழம் தெரியும்படி செய்யலாம் என்று லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் விளக்கினார். அப்போது புகைப்படக் கலை இன்னும் உலகுக்கு அறிவிக்கப்படவில்லை. ஆகவே அவர் பயன்படுத்தியவை கையால் வரைந்த கோட்டுப் படங்கள்.

வீட்ஸ்டனின் கருவி பெரியது. வீட்டில் வைத்துக்கொள்ளத் தோதானது அல்ல. ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர் 1849-ல் அதைச் சிறிய பெட்டியாக மாற்றினார். வளையல் துண்டுகளைப் போட்டுச் சுற்றிப் பார்க்கும் கலைடாஸ்கோப்பைக் கண்டுபிடித்தவரும் இந்தப் புரூஸ்டர்தான். பெட்டியின் முன்பக்கம் இரண்டு லென்ஸ், பின்பக்கம் படம் செருக இடம், மேலே வெளிச்சத்துக்கு ஒரு மூடி. பாரிஸ் நகரத்து டுபோஸ்க் என்ற தொழில் நிபுணர் அதை அழகாகச் செய்துகொடுத்தார்.

1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் விக்டோரியா மகாராணி அதைப் பார்த்து மகிழ்ந்தார். ராணி பார்த்துவிட்டால் சீமாட்டிகள் சும்மா இருப்பார்களா? அதன் பிறகு பெட்டிகள் லட்சக்கணக்கில் விற்றன. 1854-ல் இதற்கென்றே லண்டன் ஸ்டீரியாஸ்கோப்பிக் கம்பெனி தோன்றியது. ஸ்டீரியாஸ்கோப் இல்லாத வீடே இருக்கக் கூடாது என்பதுதான் அதன் விளம்பரம்.

மதுரைக்கு வந்த கேமரா

இந்த மோகம் சென்னை ராஜதானிக்கும் வந்து சேர்ந்தது. 1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் கலைப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். 1856-ல் சென்னைப் புகைப்படச் சங்கமும் அமைந்தது. அதே சமயத்தில், பட்டாளத்தில் இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற கேப்டனைத் தனது அதிகாரபூர்வப் புகைப்படக்காரராகச் சென்னை சர்க்கார் நியமித்தது.

1857 இறுதியில் டிரைப் பயணம் புறப்பட்டார். ராயக்கோட்டை, சேலம் வட்டாரம், திருச்சி, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று 1858 வரை சுற்றினார். கேமரா, கண்ணாடித் தகடு, ரசாயனம், இருட்டுக் கூடாரம் எல்லாம் மாட்டு வண்டியில் வரவேண்டிய காலம் அது. அவருக்கு உதவியாளராக இருந்தவர் சென்னைக் கலைப் பள்ளியில் பயின்ற அய்யாசாமி என்ற தமிழர்.

பெரிய அளவுப் படங்களுடன் டிரைப் இரட்டைப் படங்களையும் எடுத்தார். மதுரைக் காட்சிகள் ஒரு தொகுதியாகவும், திருச்சி, தஞ்சாவூர் சுற்றுவட்டாரக் காட்சிகள் இன்னொரு தொகுதியாகவும் 1858-ல் வெளிவந்தன. தமிழ்நாட்டுக் கோயில் தூண்களும் மண்டபங்களும் ஆழத்தோடு, தொட்டுவிடலாம் போல, கடல் கடந்த நாட்டிலும் தெரிந்தன.

அதே பயணத்தில் அவர் இன்னொரு காரியம் செய்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படம் பிடித்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களையும் விட்டுவைக்கவில்லை. அவற்றையும் படம் பிடித்தார்.

ஆடம்பரம் என்ற தீர்ப்பு

1857 கிளர்ச்சிக்குப் பிறகு சர்க்கார் கஜானாவில் பணத் தட்டுப்பாடு. 1859-ல் சென்னை கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் செலவுகளை ஒவ்வொன்றாக வெட்டினார். புகைப்படக்காரர் வேலை அவர் கண்ணில் பட்டது. இப்போதைய நிதி நிலைமைக்கு ஒவ்வாத ஆடம்பரம் இது என்று கருதி அதை நிறுத்தச் செய்தார். டிரைப்பின் வேலை அத்துடன் முடிந்தது.

கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் கவர்னர் சொன்னது நியாயமாகக்கூடத் தெரியும். ஆபீசில் செலவு குறைப்பு என்று வந்தால் முதலில் எது வெட்டப்படும் என்பது எந்த குமாஸ்தாவுக்கும் தெரிந்ததுதானே!

ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலை எடுத்துக்கொள்வோம். 1866 முதல் 1872 வரை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு காலத்தில் அந்த மகால் பழுது பார்க்கப்பட்டது. இன்று நாம் காண்பது அப்படிப் பழுது பார்த்த மகால். அதற்கு முன் அது எப்படி இடிந்து கிடந்தது, எந்தத் தூண் சாய்ந்திருந்தது, எந்தச் சுதை உதிர்ந்திருந்தது என்று அறிய வேண்டுமானால் டிரைப் எடுத்த படங்களைத்தான் தேட வேண்டும். வேலை நிறுத்தப்பட்ட அந்த மனிதரின் படங்களே இன்று சாட்சி.

அந்தப் படங்கள் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பத்திரமாக இருக்கின்றன. 2014, 2015 ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களில் டிரைப்பின் படங்களுக்கென்றே கண்காட்சி நடந்தது. சென்னையில் ஆடம்பரம் என்று கழிக்கப்பட்டது, உலக நகரங்களில் பொக்கிஷமாகிவிட்டது.

அட்டையில் வந்த உலகம்

1861-ல் அமெரிக்க டாக்டரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் பெட்டியையே எடுத்துவிட்டார். ஒரு கைப்பிடி, இரண்டு லென்ஸ், கண்ணை மறைக்க ஒரு வளைந்த மறைப்பு, படத்தை முன்னும் பின்னும் தள்ளிக்கொள்ள ஒரு கட்டை. அவ்வளவுதான். அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார். விலை சரிந்தது. சீமான் வீட்டுக் கூடத்தில் இருந்தது குமாஸ்தா வீட்டு மேஜைக்கும் வந்தது.

அதற்கேற்ற அட்டைகள் பொதுவாக 7 அங்குல நீளம், மூன்றரை அங்குல அகலம். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கும். அமெரிக்காவில் அண்டர்வுட் அண்ட் அண்டர்வுட், கீஸ்டோன் ஆகிய கம்பெனிகள் இவற்றைப் பெட்டி பெட்டியாக விற்றன.

ஜேம்ஸ் ரிக்கால்டன் என்பவர் பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டுவிட்டுக் கேமராவுடன் உலகம் சுற்றியவர். அவர் இந்தியாவில் எடுத்த 100 இரட்டைப் படங்களை அண்டர்வுட் கம்பெனி ஒரே பெட்டியில் போட்டு விற்றது. கூடவே வழிகாட்டிப் புத்தகமும் வரைபடமும் உண்டு. புத்தகம் 1907-ல் வந்தது. கப்பல் ஏறாத அமெரிக்கர், நாற்காலியில் உட்கார்ந்தபடி இந்தியா பார்த்தார்.

நம் ஊர்த் திருவிழாக்களில் பயாஸ்கோப் பெட்டி என்று ஒன்று வந்தது நினைவிருக்கும். தகரப் பெட்டியில் வட்ட வட்டமாக ஓட்டைகள். சிறுவர்கள் காசு கொடுத்துவிட்டு, கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உள்ளே பார்ப்பார்கள். பெட்டிக்காரர் மணி ஆட்டிக்கொண்டே படச் சுருளைச் சுற்றுவார். அதில் ஆழம் தெரியாது. அது வேறு குடும்பம். ஆனால் போக முடியாத ஊரைக் காசுக்குக் காட்டுவது என்ற தொழில் இரண்டுக்கும் ஒன்றே.

ரயில்வே ஊழியர் வாங்கிய யந்திரம்

இந்தப் பெட்டிகளையெல்லாம் ஓரம் கட்டியது சினிமா. அதைத் தென்னாட்டில் ஊர் ஊராகக் கொண்டுபோனவரும் ஒரு ரயில்வே ஊழியரே. கோயம்புத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை பார்த்தார். 1905-ல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் யந்திரத்தையும் படச் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். கூடாரம் அடித்துப் படம் காட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். பிறகு கோவையில் வெரைட்டி ஹால் என்ற தியேட்டரையும் கட்டினார்.

கூடாரத்துக்குள் நூறு பேர் சேர்ந்து உட்கார்ந்து, ஓடும் ரயிலையும் ஆடும் மனிதரையும் பார்க்க முடியும் என்றால், ஒருவர் மட்டும் கண்ணை வைத்துப் பார்க்கும் அசையாப் படத்தை யார் சீண்டுவார்கள்? ஸ்டீரியாஸ்கோப் அட்டைகள் மெல்ல மெல்லப் பரணுக்குப் போயின.

வட்டத் தட்டில் ஏழு காட்சி

பரணுக்குப் போனது 1939-ல் புது வேஷத்தில் திரும்பி வந்தது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய வில்லியம் குரூபர் என்பவரின் யோசனையை, ஆரிகன் மாநிலத்தில் இருந்த சாயர்ஸ் கம்பெனி 'வியூ மாஸ்டர்' என்ற பெயரில் வெளியிட்டது. உள்ளங்கை அகல அட்டை வட்டம். அதன் ஓரத்தைச் சுற்றி 14 சின்னஞ்சிறு கலர் ஃபிலிம்கள். எதிரெதிரே இருக்கும் இரண்டு ஃபிலிம் சேர்ந்து ஒரு காட்சி. ஆக ஒரு தட்டுக்கு ஏழு காட்சி. பக்கத்தில் இருக்கும் நெம்புகோலைத் தட்டினால் அடுத்த காட்சி.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்கப் படையினர் இதை ஆயிரக்கணக்கில் வாங்கினர். விமானம் நம்முடையதா, எதிரியுடையதா என்று அடையாளம் காணவும், தூரத்தை மதிப்பிடவும் சிப்பாய்களுக்குப் பயிற்சி கொடுத்தனர். யுத்தத்துக்குப் பிறகு குரூபரும் டேவிட் பாசெட் என்ற டாக்டரும் சேர்ந்து மனித உடலின் உள்ளுறுப்புகளை இதே முறையில் படம் எடுத்து, மருத்துவ மாணவர்களுக்கான பெரிய தொகுப்பாக வெளியிட்டார்கள். விளையாட்டுச் சாமான் பாடப் புத்தகமும் ஆயிற்று.

நம் நாட்டில் பம்பாயின் பட்டேல் இந்தியா கம்பெனி வியூ மாஸ்டரைத் தயாரித்து விற்றது. பரீட்சையில் பாஸ் செய்த பிள்ளைக்கு, பம்பாய் போய்வந்த சித்தப்பா வாங்கிக் கொடுக்கும் பரிசாக அது பல வீடுகளுக்குள் நுழைந்தது. அதைப் பார்த்துச் சாதாரண ஜனங்களுக்காக மலிவாகச் செய்யப்பட்டதுதான் கோயில் ஊர்களில் விற்ற பொம்மைக் கேமரா. ஒரு லென்ஸ், ஒற்றைப் படம். ஆழம் போய்விட்டது. 'டிக்' சத்தம் மட்டும் தங்கியது.

ஊர்க் காட்சிகளைக் காட்டும் வியூ மாஸ்டர் தட்டுகளின் தயாரிப்பு 2008-ல் நின்றுபோனது. ஆனால் அந்தச் சூட்சுமம் நிற்கவில்லை. செல்போனை அட்டைப் பெட்டிக்குள் செருகிக் கண்ணில் வைத்துப் பார்க்கும் கருவியை 2014-ல் கூகுள் வெளியிட்டதே, அது வேறு எதுவும் இல்லை. புரூஸ்டர் பெட்டிதான். படத்துக்குப் பதில் போன்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய இரண்டு கண்

இதைவிடப் பெரிய ஸ்டீரியாஸ்கோப் ஒன்று நம் பக்கத்திலிருந்தே கிளம்பியது. 2005-ம் ஆண்டு மே 5-ந் தேதி, அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் பார்த்துக்கொண்டிருக்க, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் 'கார்ட்டோசாட்-1' என்ற செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு பறந்தது. அன்று நெல்லூர் மாவட்டத்தில் இருந்த சூளூர்ப்பேட்டை வட்டாரம், 2022-ல் திருப்பதி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதில் சேர்ந்தது.

கார்ட்டோசாட்-1-க்கு இரண்டு கேமராக் கண்கள். ஒன்று முன்பக்கமாக 26 டிகிரி சாய்ந்தது. மற்றது பின்பக்கமாக 5 டிகிரி சாய்ந்தது. சுமார் 618 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தபடி முதல் கண் ஒரு மலையைப் படம் எடுக்கும். ஒரு நிமிஷத்துக்குள் அதே மலையை இரண்டாவது கண் வேறு கோணத்தில் எடுக்கும். இரண்டையும் சேர்த்தால் மலையின் உயரமும் பள்ளத்தாக்கின் ஆழமும் கிடைத்துவிடும். சாலை போடவும், தண்ணீர் ஓடும் வழியைக் கணிக்கவும், வரைபடம் தயாரிக்கவும் இந்தப் படங்கள் உதவின.

செயற்கைக்கோளுக்கு முன்பு விமானத்திலிருந்து எடுத்த படங்களுக்கும் இதே வழிதான். நில அளவைக்காரர்களும் புவியியல், மண்ணியல் படித்தவர்களும் இரண்டு விமானப் படங்களை மேஜை மேல் வைத்து, சின்ன ஸ்டீரியாஸ்கோப் வழியாகக் குனிந்து பார்ப்பார்கள். காகிதத்திலிருந்து குன்றுகள் எழுந்து நிற்கும். திருமலையில் சிலாதோரணம் என்ற இயற்கைப் பாறை வளைவையும், மலைப்பாதையில் தெரியும் பாறை அடுக்குகளையும் காணப் புவியியல் அறிஞர்கள் வருகிறார்கள். அப்படிப்பட்ட மேடு பள்ளங்களைத் தட்டைப் படத்தில் எப்படிப் படிக்க முடியும்?

குழந்தையின் கண்ணும் இந்தப் பெட்டியும்

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது.

சிலர் ஸ்டீரியாஸ்கோப்பில் எத்தனை நேரம் பார்த்தாலும் ஆழம் தெரியவில்லை என்பார்கள். சில சமயம் கோளாறு கருவியில் இருக்கலாம். சில சமயம் இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யாமல் இருக்கலாம். மாறுகண் உள்ள குழந்தைக்கும், ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கிய குழந்தைக்கும் இப்படி நேரும். மூளை ஒரு கண்ணின் படத்தை ஒதுக்கிவிட்டு, மற்றதை மட்டும் எடுத்துக்கொள்ளும். நாளடைவில் ஒதுக்கப்பட்ட கண் சோம்பிப்போகும்.

பிரான்ஸ் நாட்டுக் கண் டாக்டர் எமில் ஜாவால் 19-ம் நூற்றாண்டிலேயே மாறுகண்ணுக்கு ஸ்டீரியாஸ்கோப் வைத்துப் பயிற்சி கொடுத்தார். இன்றைக்கும் கண் ஆஸ்பத்திரிகளில் இரு கண் பார்வையைச் சோதிக்கும் கருவிகள் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன. ரயில் ஓட்டும் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கின்றனவா என்பதும் டாக்டர் சோதனையில் உண்டு.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம்மவர்களில் பலர் விட்டுவிடுகிறார்கள். அது அதிர்ஷ்டம் அல்ல, வைத்தியம் செய்ய வேண்டிய குறை. சிறு வயதில், பள்ளிக்கூடம் சேரும் முன்பே காட்டினால் பலன் அதிகம். வயது ஏற ஏறப் பலன் குறையும். பொம்மைப் பெட்டி டாக்டர் ஆகாது. ஆனால் ஒரு குழந்தை எப்போதும் ஒரே கண்ணை வைத்துப் பார்த்தாலோ, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாலோ, அன்றே கண் டாக்டரிடம் அழைத்துப் போவது நல்லது.

நீங்களே செய்யலாம்

இரட்டைப் படம் எடுக்கப் பெரிய கேமரா வேண்டாம். கையில் இருக்கும் செல்போன் போதும். சந்திரகிரிக் கோட்டைக்குப் போகிறவர்கள் ராஜ மகாலிலும், காணிப்பாக்கம் போகிறவர்கள் கோயில் குளக்கரையிலும் முயன்று பார்க்கலாம்.

அசையாத காட்சியாகப் பார்த்து ஒரு படம் எடுங்கள். போனின் உயரம் மாறாமல், திருப்பாமல், வலப்பக்கம் கொஞ்சம் நகர்ந்து அதே காட்சியை மறுபடி எடுங்கள். எவ்வளவு நகர வேண்டும்? மிக அருகில் இருக்கும் பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு. தூண் ஆறு அடி தள்ளி இருந்தால் இரண்டரை அங்குலம் போதும். மண்டபம் முப்பது அடி தள்ளி இருந்தால் ஓர் அடி நகரலாம்.

இரண்டு படங்களையும் இரண்டரை அங்குல அகலத்தில் பிரின்ட் போட்டு, இடது படத்தை இடப்பக்கமும் வலது படத்தை வலப்பக்கமும் ஒரே அட்டையில் ஒட்டுங்கள். நடுவில் ஒரு அடி உயர அட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, மூக்கை அதன் மேல் விளிம்பில் வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் எதையோ பார்ப்பதுபோல் கண்ணைத் தளர்த்துங்கள். முதலில் இரண்டு படமும் மிதக்கும். கொஞ்சம் பொறுத்தால் ஒன்றாகும். ஒன்றானதும் தூண் முன்னால் வந்து நிற்கும். சிலருக்கு உடனே வரும், சிலருக்கு நாலைந்து தடவை முயன்றால் வரும்.

பரணில் இருந்தால் எறியாதீர்கள்

ரயில்வேயிலும் பிற ஆபீசுகளிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற குடும்பங்கள் சித்தூரிலும் திருப்பதியிலும் பல. வீடு மாற்றும்போதும் பாகம் பிரிக்கும்போதும் பழைய டிரங்குப் பெட்டிகள் திறக்கப்படுகின்றன. அப்போது கைப்பிடி வைத்த மரக் கண்ணாடியோ, ஒரே மாதிரி இரண்டு படம் ஒட்டிய பழுப்பு அட்டையோ, வட்டத் தட்டோ கிடைத்தால், பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போகுமுன் ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

அட்டையில் இரண்டு படமும் அச்சாக ஒன்றேபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். அருகில் இருக்கும் மரமோ மனிதரோ பின்னணியில் சற்றே இடம் மாறித் தெரிந்தால் அது உண்மையான இரட்டைப் படம். பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது சிறு சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சகத்தில் அடித்த மலிவுப் பிரதி. ஓரத்திலும் பின்னாலும் ஊர்ப் பெயர், எண், கம்பெனிப் பெயர் இருக்கலாம். அவற்றைக் குறித்து வையுங்கள்.

பழைய அட்டைகளில் பல லேசாக வளைந்திருக்கும். அப்படித்தான் செய்தார்கள். நிமிர்த்த முயன்றால் படம் வெடித்துவிடும். ஈரத் துணியால் துடைக்க வேண்டாம். செல்லோடேப் ஒட்ட வேண்டாம். மை கொண்டு எழுத வேண்டாம். வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில், ஒவ்வொன்றுக்கும் நடுவே வெள்ளைத் தாள் வைத்து, நேராக அடுக்குங்கள். படத்தில் இருக்கும் ஊரும் ஆட்களும் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்தால், அவர்கள் இருக்கும்போதே கேட்டுத் தனித் தாளில் எழுதி வையுங்கள்.

மகாராணிக்கு அது விளையாட்டு. கவர்னருக்கு அது வீண் செலவு. பிள்ளைகளுக்கு அது பொம்மை. இன்று அதே அட்டைதான் இடிந்துபோன மண்டபத்தின் ஒரே அடையாளம். உங்கள் வீட்டுப் பரணில் இருப்பது எந்த ஊர்க் கோபுரம் என்று தூசி தட்டிப் பார்த்தால்தான் தெரியும்.